மூன்றாம் தட்டில் ஒரு பேரிங்

காரை ஓட்டி வந்தவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். சாவி அவர் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் மெக்கானிக் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், சும்மா உட்கார்ந்து வந்தவரின் ஜன்னலில் குனிந்து, "அண்ணே, வண்டி இன்னா பண்ணுது?" என்று கேட்கிறான். ஓட்டி வந்தவர் பெண் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. இந்தக் கூத்தை இரண்டு வருஷமாக என் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். அவன் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே வருவது அதனால்தான்.

என் பெயர் ஜமால் முகமது. கள்ளக்குறிச்சியில் கார் சாமான் கடை வைத்திருக்கிறேன். எதிர்ச் சாரியில் வெற்றிவேலின் ஒர்க்‌ஷாப். அவன் கேட்கிற சாமானை நான் கொடுப்பேன், அவனிடம் வருகிற வண்டிகளால்தான் என் கடை ஓடுகிறது. எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வண்டிக்காரர் நேராக வந்து சாமான் கேட்டால், அவர் எந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடுகிறாரோ அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்போம். பாவம், தப்பான சாமான் வாங்கிவிடக் கூடாதே என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மை அதுவல்ல. மெக்கானிக் கோபித்துக்கொண்டால் நாளைக்கு அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்ற பயம். அந்தப் பயத்துக்குத் தொழில் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

செந்தமிழ்ச்செல்வி கல்வராயன் மலையில் கரியாலூரில் இருக்கிறார். நாற்பது வயது இருக்கும். அருவிக்குப் போகிற ரோட்டோரம் அவரும் கணவர் கலையரசனும் டீக்கடை நடத்தினார்கள். கலையரசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் மலையிறங்கி வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒருநாள் தவறினால் கால் வீங்கி மூச்சு முட்டும். அதற்கு மேல் தவறினால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

முதலில் பஸ்ஸில்தான் வந்து போனார்கள். ஒருநாள் திரும்பிப் போகும்போது கலையரசனுக்குப் பிரஷர் இறங்கி, கம்பியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்திருக்கிறார். குடித்துவிட்டு விழுகிறான் என்று முடிவு செய்து, மலையடிவாரத்தில் இரண்டு பேரையும் இறக்கி விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. செல்வி ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினாராம். வாங்கிப் பார்க்க ஒரு கை நீளவில்லை. "ஊத்திக்கினு வந்து ஏறிடறானுங்க" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்ததாம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யாரோ, அவருக்கு ஒருநாளும் உடம்புக்கு வராதாக்கும்.

அடுத்த மாதமே செல்வி ரிஷிவந்தியத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கே மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓடாமல் கிடந்த பழைய வெள்ளைக் காரைக் கேட்டு வாங்கி, ஓட்டப் படித்து, லைசென்ஸ் எடுத்து, மலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்குகிறவர் அவர். ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்பதென்றால் மட்டும் கலையரசனைத்தான் கேட்பார்கள். அவருக்கோ ஸ்டெப்னி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நல்ல மனுஷன், கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே ஏதாவது பதில் சொல்வார்.

போன மாசி மாதம் அந்தக் காரில் ஒரு சத்தம் கிளம்பியது. தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல். வெற்றிவேல் வழக்கம்போல் இடது ஜன்னலில் குனிந்தான்.

"ஏதோ சத்தம் வருதுப்பா" என்றார் கலையரசன்.

செல்வி இறங்கி இந்தப் பக்கம் வந்தார். "தம்பி, இடப்பக்க வளைவுல ஒடிச்சா கத்துது. வலப்பக்கம் ஒடிச்சா அடங்கிடுது. வலப்பக்க முன்சக்கரத்து பேரிங்குதான் போயிருக்கு."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் சாயும், தேய்ந்த பேரிங் அப்போதுதான் கத்தும். வெற்றிவேல் காரை எடுத்துக்கொண்டு நேராகப் போகிற பைபாஸ் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டு வந்தான். வளைவே இல்லாத ரோட்டில் வளைவுச் சத்தம் எங்கிருந்து கேட்கும்? "டயர் சத்தம்ணே. மல ரோட்டுல டயர் ஒரு மாதிரியா தேஞ்சிருக்கு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டு டயர் மாற்றினான். சத்தம் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம், "சரி, பேரிங்க மாத்திப் பாக்கலாம்" என்று ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி சொன்னான். நான்தான் பேரிங்கை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனேன். அதனால் அங்கே நடந்தது எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன்.

பேரிங் என்பது வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவில் இரும்புக் குண்டுகள். சக்கரத்தைத் தாங்குகிற கூட்டுக்குள் அதை இறுக்கமாக இறக்க வேண்டும். அப்போது அழுத்தம் வெளி வளையத்தின் மேல்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை உருளுகிற தடத்தில் குழி குழியாகக் குத்திவிடும். புது பேரிங் அன்றைக்கே பழசாகிவிடும். வெற்றிவேல் உள் வளையத்தில் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"தம்பி, உள்ள அடிக்காதீங்க" என்றார் செல்வி. "கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் கோயமுத்தூர்ல மோட்டார் பம்பு கம்பெனில பேரிங் ஏத்தற வேலதான் பாத்தேன். உள்ள அடிச்சா குண்டு தடத்துல குத்திக்கும். ஒரு மாசத்துல திரும்பக் கத்தும்."

வெற்றிவேல் சிரித்தான். "பம்பும் காரும் ஒண்ணாக்கா? நீ போயி அண்ணன் கூட உக்காரு." என்று சொல்லிவிட்டு ஓங்கி ஓங்கி அடித்தான்.

ஆறு வருஷம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பேரிங் ஏற்றிய கை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரியைப் போய் உட்காரச் சொல்கிறான். நான் இருபத்திரண்டு வருஷமாக பேரிங் விற்கிறவன். எதில் அடிக்க வேண்டும், எதில் அடிக்கக் கூடாது என்று டப்பாவோடு வருகிற காகிதத்தில் படமே போட்டிருக்கிறது. செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன்.

மூன்றே வாரத்தில் சத்தம் திரும்பி வந்தது. இந்தத் தடவை உறுமலோடு சக்கரம் ஆட்டமும் கண்டுவிட்டது. ஒரு வியாழக்கிழமை, கலையரசனை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு செல்வி நேராக என் கடைக்கு வந்தார்.

"பாய், அந்த பேரிங்கு ஒண்ணு குடுங்க. நாளைக்கு நானே வூட்ல வச்சி மாத்திக்கறேன். சனிக்கெழம காலையில அவர கூட்டிக்கினு எறங்கணும். இந்தச் சக்கரத்தோட எறங்க முடியாது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? திரும்பி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். நான் போனை எடுத்தேன். "கேட்டுட்டு குடுக்கறேம்மா" என்றேன்.

"குடுத்துடாத பாய்" என்றான் வெற்றிவேல். "அது வூட்ல வச்சி தட்டி ஒடச்சிட்டு, நம்ம சாமான் சரியில்லன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரியும். ஸ்டாக் இல்லன்னு சொல்லு. சனிக்கெழம வண்டிய இங்க வுடட்டும்."

போனை வைத்தேன். "ஸ்டாக் இல்லம்மா. சனிக்கெழம வெற்றிவேல்கிட்ட வுட்டுடுங்க."

செல்வி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்தார். ஓடினார் என்றுகூடச் சொல்லலாம்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவன் சும்மா இருக்காமல் இதை என் மனைவி அஸ்ரப் நிஷாவிடம் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள். "கட நெறய சாமான வச்சிக்கினு ஒரு நோயாளி பொண்டாட்டிகிட்ட இல்லன்னு சொல்லிட்டு வந்தீங்களா? எவன் கிட்ட கேட்டு? உங்களுக்கு சோறு எறங்குதா?" என்றாள். இறங்கவில்லை. ஆனாலும் நான் எழுந்து போய் பஸ் ஸ்டாண்டில் தேடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் கலையரசன் என் கடையில் உட்கார்ந்து ஆற அமரச் சொன்னார்.

ஆட்டம் கண்ட காரை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவிட்டு, செல்வி பஸ் ஏறி சங்கராபுரம் போய், அங்கே ஒரு கடையில் பேரிங் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அதற்குள் டயாலிசிஸ் முடிந்து, கலையரசன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் தனியாக, தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அந்த ஒன்றரை மணி நேரம் என் கணக்கில் இருக்கிறது. பிறகு மாட்டுவண்டி வேகத்தில் மலையேறி, பொழுது சாய்வதற்குள் கரியாலூர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் செல்வி அருவியருகே ஐஸ்கிரீம் விற்கும் மணிமொழியிடம் பேரிங்கைக் கொடுத்து, பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசருக்குள் வைக்கச் சொன்னார். குளிரில் இரும்பு ஒரு மயிரிழை சுருங்கும். கூட்டை வெந்நீரில் சூடாக்கினால் அது ஒரு மயிரிழை விரியும். அப்போது முரட்டு அடி தேவைப்படாது.

"இன்னாக்கா, இத குச்சி ஐஸ் ஆக்கப் போறியா?" என்று மணிமொழி சிரித்தாளாம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை மலையில் கரண்ட் போனது. மூன்று மணி நேரம் வரவில்லை. சுற்றுலா வந்தவர்கள் ஐஸ்கிரீம் கேட்டு நின்றார்கள். மணிமொழி மூடியைத் திறக்கவே இல்லை. திறந்தால் குளிர் போய்விடும் என்று ஃப்ரீசர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஐஸ் இல்லீங்க" என்று வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளும் இருக்கிற சாமானைத்தான் இல்லை என்றாள். நானும் அதைத்தான் சொன்னேன். அவள் செல்விக்காகச் சொன்னாள், நான் செல்வியிடமே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செல்வி வேலையை ஆரம்பித்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். சக்கரத்து நடு நட்டைக் கழற்றும்போது யாராவது பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படித்தான் கலையரசன் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். போர்வெல் போட்டபோது மிஞ்சிய இரும்புக் குழாயை ஸ்பானரில் செருகி, அதன் மேல் ஏறி நின்று குதித்து நட்டை இளக்கினார் செல்வி. ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, பிரேக்கைக் கழற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கூட்டை வெளியே எடுத்தார்.

தெருவில் போன ஆம்பளைகள் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். "மெக்கானிக்க கூப்புடக் கூடாதா?" என்று ஒருவர். "கழட்டறது சுலுவு, மாட்டறதுதான் கஷ்டம்" என்று இன்னொருவர். ஜாக்கியின் பக்கம் ஒரு கல்லை நகர்த்தி வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. புத்தி சொல்வதற்கு மட்டும் கூலி ஆள் தேவைப்படாது போலிருக்கிறது.

பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தபோது அது இரண்டாகப் பிரிந்து வந்தது. உள் வளையத்தில் உளி பட்ட காயங்கள். அதன் தடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். செல்வி அதைக் கலையரசன் கையில் கொடுத்து, "தடவிப் பாருங்க" என்றார். அவர் விரல் வைத்துத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டால்கூட எண்ணிவிடலாம் போல இருந்தது என்றார் என்னிடம்.

"நீ அன்னைக்கே சொன்னியே செல்வி."

"நான் சொன்னேன். அவன் உங்களத்தான பாத்துக்கினு இருந்தான்."



புதியதை இறக்குவதற்குப் பழைய பேரிங்கின் வெளி வளையமே போதும். அதைப் புதியதின் வெளி வளையத்தின் மேல் வைத்துத் தட்டினால் அடி சரியான இடத்தில் விழும். ஆனால் அது கூட்டுக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வெளிப்பக்கம் கொஞ்சம் தேய வேண்டும். கத்தி தீட்டுகிற கல்லில் அதைத் தேய்க்கிற வேலையைக் கலையரசன் கேட்டு வாங்கிக்கொண்டார். டயாலிசிஸ் ஊசி ஏறுகிற இடது கையில் பாரம் கொடுக்கக் கூடாது. வலது கையாலேயே மூன்று மணி நேரம் தேய்த்தார். பக்கத்தில் அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு அளந்து வைத்த தண்ணீர்தான் குடிக்கலாம் என்று இருக்கிற மனுஷன், அத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் மணிமொழி பேரிங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். செல்வி கூட்டை அண்டாவிலிருந்து எடுத்துத் துடைத்து, பனி பூத்த பேரிங்கை அதில் வைத்தார். தானாகவே பாதி இறங்கியது. மேலே பழைய வளையத்தை வைத்து, சுற்றிச் சுற்றி நிதானமாகத் தட்டினார். அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தைக் கோயமுத்தூரில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். அதோடு நிறுத்திவிட்டார். பொழுது இருக்கும்போதே சக்கரம் மாட்டி, நட்டு இறுக்கி, அருவி ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்தார். இடப்பக்க வளைவில் இஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வேடிக்கை பார்த்த நாலு பேரில் ஒருவர், "பரவால்லியே கலை, வண்டிய ரெடி பண்ணிட்டியே" என்று கலையரசனைப் பார்த்துச் சொன்னாராம். நல்லவேளை, நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் அண்டாத் தண்ணீரை என்ன செய்திருப்பேனோ தெரியாது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு கலையரசன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். மதியம் அந்த வெள்ளைக் கார் என் கடை முன்னால் வந்து நின்றது. சத்தமே இல்லாமல் வந்ததால், வாசலில் நிற்கும் வரை எனக்குத் தெரியவில்லை.

வெற்றிவேல் அப்போது என் கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போனான். டிரைவர் பக்கத்தைத் தாண்டி, காரைச் சுற்றிக்கொண்டு, இடது ஜன்னலில் குனிந்தான்.

"இன்னாண்ணே, சத்தமே காணோம்? யார்கிட்ட குடுத்தீங்க?"

கலையரசன் அவனை நிமிர்ந்து பார்த்தார். இடது முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கையைத் தூக்கவில்லை. வலது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, கைப்பிடியைப் பிடித்து, ஜன்னல் கண்ணாடியை மேலே சுற்ற ஆரம்பித்தார். பழைய வண்டி, கண்ணாடி சட்டென்று ஏறாது. ஒவ்வொரு சுற்றாக, மெதுவாக ஏறியது. வெற்றிவேல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் வரை அவர் நிறுத்தவில்லை. கண்ணாடி முழுதாக மூடிய பிறகு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் அவர் விட்டது அதுதான் முதல் தடவை.

செல்வி கடைக்குள் வந்தார். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் கறுப்பு இருந்தது.

"பாய், இடப்பக்க சக்கரத்துக்கும் ஒண்ணு மாத்தி வச்சிடலாம்னு பாக்கறேன். இருக்கா? இல்ல, கேட்டுட்டுத்தான் சொல்லணுமா?"

வெற்றிவேல் வாசலுக்கு வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்தைத் தூக்கி ஜாடை காட்டினான். நான் திரும்பி, தட்டிலிருந்து டப்பாவை எடுத்து, தூசியைத் துடைத்து செல்வியின் முன்னால் வைத்தேன்.

"இருக்கும்மா" என்றேன். "வியாழக்கெழமையும் இருந்துச்சு."

செல்வி டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"தெரியும் பாய். மூணாவது தட்டுல நீல டப்பா. இங்க நின்னுக்கினேதான் நம்பர படிச்சேன். அந்த நம்பர சொல்லித்தான் சங்கராபுரத்துல வாங்கினேன்."